இடுப்புல புள்ள இல்லையே, இன்னும் என்ன குடை?

அருளாயிக்கு வேலை கொடுக்காமல் திருப்பி அனுப்பியவர் ஞானமுத்துக் கங்காணி. அவள் பிந்தி வரவில்லை. பறித்த தேயிலைக் கொழுந்தில் முற்றல் இலையைக் கலக்கவும் இல்லை. கொட்டுகிற மழையில் குடையை மடக்கவில்லை. அதுதான் குற்றம்!

கங்காணி எதிரே வந்தால் ரோட்டை விட்டு இறங்கி நிற்க வேண்டும். கையில் குடை இருந்தால் மடக்கிவிட வேண்டும். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. தோட்டத்தில் யார் சட்டத்தைத் தேடினார்கள்?

"ஏய், குடைய மடக்கு!"

"இடுப்புல கைப்புள்ள இருக்குங்க. பிள்ளைக்காம்பராவுல ஆயாகிட்ட விட்டுட்டு வந்து மடக்குறேன்."

"ஒங்கப்பன் என்னயக் கண்டா தண்ணி ஓடுற கானுக்குள்ள எறங்கி நிப்பான். தெரியுமா?"

"தெரியுங்க. நனஞ்சு நனஞ்சு காய்ச்சல்ல போய்ச் சேந்ததும் தெரியுங்க."

கங்காணிக்குக் குடை பிடித்துக்கொண்டு பின்னால் நின்ற செல்லசாமி, வந்த சிரிப்பை இருமலாக்கிக்கொண்டான்.

மறுநாள் விடியற்காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் எல்லாப் பெண்களையும் கூப்பிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பினார்கள். அருளாயியை மட்டும் கூப்பிடவில்லை. அடுத்த நாளும் கூப்பிடவில்லை.

லயத்து வீட்டில் அவள் புருசன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"ஒரு குடை! மடக்கித் தொலச்சிருந்தா ஒனக்கு என்னா கொறஞ்சிருக்கும்?"

"எனக்கு ஒண்ணும் கொறஞ்சிருக்காது. புள்ளைக்குத்தான் காய்ச்சல் வந்திருக்கும்."

"திமிரு புடிச்சவ" என்றார்கள் பக்கத்துக் காம்பராப் பெண்கள், அவள் காதில் விழும்படியாகவே.

அவள் பக்கம் நின்றவர் ஒரே ஒருவர்தான். தொழிற்சங்கத் தலைவர் பாக்கியநாதன்.

"பயப்படாத தங்கச்சி. இது ஒன் குடை மட்டும் இல்ல. நம்ம எல்லாருக்கும் மானப் பிரச்சினை."

தோட்டத்து வேதக்கோயிலில் வேதம் வாசித்துப் பேசுபவரும் அவர்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை, முன்வரிசையில் கங்காணியை வைத்துக்கொண்டே பாபிலோன் ராஜாவின் கதையை எடுத்தார்.

"எல்லாம் நான் கட்டினது, எல்லாம் என் பலம்னு அரமனை மேல நின்னு பேசினான் ராஜா. பேசின வாய் மூடல, ராஜ்யம் போச்சு! மாட்டோட மாடாப் புல்லு மேஞ்சான். ஏன்? ஆண்டவர் கொடுத்த நாற்காலியத் தன் அப்பன் வீட்டு நாற்காலின்னு நெனச்சான்!"

"ஆமென்!" என்று கோயில் தகரக் கூரை அதிர்ந்தது. அருளாயியின் ஆமென்தான் எல்லாவற்றிலும் பெரிய ஆமென்.

சங்கம் வேலையை நிறுத்தியது. மலையில் கொழுந்து முற்றத் தொடங்கியது. தோட்டத்தை நடத்தும் தொரை யோசித்துப் பார்த்தார். கங்காணி போனால் போகட்டும், கொழுந்து போகக்கூடாது. ஞானமுத்துவின் பதவியும் போயிற்று, பெரிய வீடும் போயிற்று. அருளாயி கூடையை மாட்டிக்கொண்டு மலையேறினாள். பாக்கியநாதனுக்கு மாலை விழுந்தது. ஹட்டன் டவுனில் நஸார் முதலாளி கடையில் குடை வாங்காத லயம் இல்லை என்றாயிற்று.

செல்லசாமிக்கு மட்டும் வேலை போகவில்லை. அடுத்த மழைக்கு அவன் பாக்கியநாதனுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றான்.

"தலைவருக்கு ஒரு மரியாத வேணாமா?" என்றான்.

முதலில் ஒருத்தி குடையை மடக்கினாள், நன்றிக்காக. அவளைப் பார்த்து இன்னொருத்தி. ஆடி மழை பிடிப்பதற்குள், பாக்கியநாதன் வருகிற ரோட்டில் குடைகள் எல்லாம் தானாகச் சுருங்கின. வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. மடக்காதவர்களைத் திரும்பிப் பார்க்க மட்டும் ஆரம்பித்தார்.

ஒரு சனிக்கிழமை, ஹட்டன் பஸ் ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. பேய்மழை. ஆற்றுப் பாலத்தில் எதிரே பாக்கியநாதன், பின்னால் செல்லசாமி. பஸ்ஸில் வந்தவர்கள் குடையை மடக்கி ஓரம் ஒதுங்கினார்கள்.

ஒரு குடை மட்டும் மடங்கவில்லை. காற்றுக்குத் தாழ்த்திப் பிடித்தபடி நேரே வந்தது. அதற்குக் கீழே இரண்டு ஜோடிக் கால்கள்.

"யாரது, அருளாயியா? இடுப்புல புள்ள இல்லையே, இன்னும் என்ன குடை?"

"மடக்குனா உள்ள இருக்கிறவுங்க நனைவாங்க, தலைவரே."

"உள்ள யாரு, ஒம் புருசனா? அவனையும் ஒதுங்கி நிக்கச் சொல்லு. ஒனக்கு வேல வாங்கிக் குடுத்தது யாருன்னு மறந்து போச்சாக்கும்?"

'தங்கச்சி' எங்கே போயிற்று என்று அருளாயி யோசித்தாள்.

"மறக்கலீங்க. நீங்க சொன்ன ராஜா கதையும் மறக்கல."

"மடக்குன்னா மடக்கு!"

ஓரத்தில் நனைந்துகொண்டிருந்தவர்கள் அருளாயியையே பார்த்தார்கள். திரும்பவும் வேலை போகுமா?

அருளாயி குடையை மடக்கவில்லை. முன்பக்கத்தை மட்டும் மெல்லத் தூக்கிக் காட்டினாள்.

உள்ளே, ஆஸ்பத்திரி மருந்துப் போத்தலை மார்போடு அணைத்துக்கொண்டு, குளிரில் நடுங்கியபடி, தலை குனிந்து நின்றவர் ஞானமுத்து.

செல்லசாமி எட்டிப் பார்த்ததில் அவன் பிடித்த குடை சாய்ந்தது. தலைவரின் கோட்டில் மழை விழுந்தது.

"இவரு அதட்டுனப்பவே நான் மடக்கல, தலைவரே. இப்ப இவரே குடைக்குள்ள வந்துட்டாரு. ஒங்களுக்கும் எடம் இருக்கு. ஒங்க நாற்காலியும் போற அந்த நாளு வர்றப்ப, கூச்சப்படாம வாங்க!"