உச்சியில் ஓர் உருண்டை

சவப்பெட்டியை வண்டியிலிருந்து இறக்குவதற்குள் வீப்கே அதன் மேலிருந்த தலைக்கவசத்தைப் பார்த்துவிட்டாள்.

உச்சியில் கூர்முனை இல்லை. பித்தளை உருண்டை இருந்தது.

"இது எங்க வீட்டுக்காரர் இல்ல," என்றாள்.

முற்றத்தில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவள் சொன்னது நியாயம்தான். காலாட்படைக்குக் கூர்முனை, பீரங்கிப்படைக்கு உருண்டை. பிரஷ்யாவில் இது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். பீரங்கியைச் சுற்றிக் குனிந்து நிமிர்கிறவன் பக்கத்து ஆளைக் குத்திவிடக் கூடாதாம், அதற்குத்தான் உருண்டை என்பார்கள். அவள் கணவன் ஃபோல்கெர்ட் காலாட்படை.

"பெட்டிய மாத்தி அனுப்பிட்டானுங்க. நான் அப்பவே சொன்னேனே, எருது மாதிரி இருக்கிற மனுஷன் காய்ச்சல்ல போவாரான்னு."

காய்ச்சல் என்றுதான் பிரான்சிலிருந்து தளபதி எழுதியிருந்தார். தூக்கத்திலேயே உயிர் பிரிந்ததாம், வலியே இல்லையாம்.

மாமியார் அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். இது வேறு அழுகை. யார் பெற்ற பிள்ளையோ என்று பாதிரியார் பெட்டியைப் பார்த்துச் சிலுவை போட்டார். வீப்கே கறுப்பு முக்காட்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் தேநீர் போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தாள்.

வண்டியை ஓட்டி வந்த ஓக்கோ மட்டும் இறங்கவில்லை. ஃபோல்கெர்டின் தம்பி, விடுப்பில் வந்தவன்.

"அண்ணி, அது என்னோட தொப்பி."

அவன் பீரங்கிப்படை. லேர் ரயில் நிலையத்தில் பெட்டியோடு வந்த அண்ணனின் தலைக்கவசத்தில், நெற்றியில் பதித்த கழுகுச் சின்னம் பாதிதான் இருந்தது. மீதி இடத்தில் ஓட்டை. அண்ணி கண்ணில் அது பட வேண்டாமென்று வண்டி வைக்கோலுக்குள் திணித்துவிட்டுத் தன்னுடையதைக் கழற்றி வைத்தான். வருஷக்கணக்காக உருண்டையைச் சுமந்த தலைக்கு அந்த உருண்டை உறைக்கவே இல்லை. நல்லது செய்யப்போன மடையன்.

வீப்கே வண்டிக்குப் பக்கத்தில் வந்தாள். தோளில் கிடந்த முக்காட்டை எடுத்து மறுபடி கட்டிக்கொண்டாள். முடிச்சு சரியாக விழ நேரமானது.

"காய்ச்சல்ல போனவரோட தொப்பிய எதுக்கு ஓக்கோ ஒளிச்சு வெச்சே?"