நாற்பத்தோராவது கம்பி

"என் உயிரை வாங்காதே! அதை அழிச்சிட்டு பூஜ்யம்னு போடு!" என்று கத்தினார் சிப் வடிவமைப்புப் பிரிவின் தலைவர். எதிரே நின்றவள் அவர் மனைவி. சிப் செய்வதற்கு முன் அதைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது அவள் வேலை. வீட்டுச் சண்டையை ஆபீஸுக்குக் கொண்டுவர இருவருக்கும் கூச்சமே கிடையாது. காதைத் தீட்டிக்கொள்ள மற்றவர்களுக்கும் கிடையாது.

"ஏங்க, ஒரு கம்பிக்கு என் புரோகிராமுக்குச் சொல்லத் தெரிஞ்சதே நாலு விடைதான். பூஜ்யம், ஒண்ணு, 'தெரியலை', 'எதோடவும் சேரலை'. நாப்பத்தோராவது கம்பியில ரெண்டுன்னு காட்டுது. அது எங்கேருந்து வந்துச்சு?"

"உங்க அண்ணன் அனுப்பியிருப்பான்!"

மறுநாள் சிப்பின் வரைபடம் தொழிற்சாலைக்குப் போனால்தான் இயக்குநர் நாற்காலி அவருக்கு. ஆகவே அந்த மகா மேதை வரைபடத்திலிருந்து கம்பியையே தூக்கிவிட்டு, சோதனையை மறுபடி ஓட்டினார். இல்லாத கம்பிக்கு நேராக அப்போதும் இரண்டு என்றே வந்தது. சோதனை முடிவுத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வரைபடத்தில் கையெழுத்திட்டார். அவ்வளவுதான் அவர் படித்த படிப்பு.

இரண்டு மாதத்தில் சிப்புகள் வந்தன. ஒவ்வொன்றிலும் நாற்பத்தோராவது கம்பி இருப்பதை நுண்ணோக்கிக்காரர் எல்லோருக்கும் காட்டினார். மின்சாரம் கொடுக்காமலேயே, அதில் வைத்த மீட்டரின் முள் அசைந்தது.

நாற்காலி வேறொருவருக்குப் போயிற்று. மனைவி விவாகரத்து வாங்கி, அந்த நுண்ணோக்கிக்காரரையே கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். மேதை மட்டும் இடம் மாறவில்லை. காலையில் ஊசியால் அந்தக் கம்பியைச் சுரண்டி எடுக்கிறார். மாலைக்குள் அது வளர்ந்துவிடுகிறது.