ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை

முதல் எட்டு ஓட்டைகளும் நன்றாக இருந்தன. ஒன்பதாவதை மூடியிருந்த பலகைத் துண்டைச் சுத்தியலால் பெயர்த்தேன். உள்ளே கான்கிரீட் பாதிதான் வந்திருந்தது.

நாங்கள் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் சுவர், தெர்மாகோல் கட்டிகளை அடுக்கி, நடுவில் கம்பி கட்டி, மேலேயிருந்து கான்கிரீட் ஊற்றியது. கனடாவில் இந்த சஸ்காட்செவன் குளிருக்கு அதுதான் சரி. பேஸ்மென்ட்டுக்கு மேலே வரும் தரையின் விட்டங்கள் எல்லாம் ஒரு நீளமான லெட்ஜர் பலகையில்தான் வந்து உட்காரும். அந்தப் பலகையைச் சுவரோடு பிடித்து வைப்பது போல்ட்டுகள். அதனால் இரண்டடிக்கு ஒன்றாகத் தெர்மாகோலை அறுத்து ஓட்டை போட்டு, போல்ட்டைச் செருகி, பலகைத் துண்டால் மூடிவிட்டு ஊற்றுவோம். கான்கிரீட் ஓட்டைக்குள் புகுந்து போல்ட்டைக் கவ்வ வேண்டும்.

தானாகப் புகாது. ஊற்ற ஊற்றப் பின்னாலேயே ஒருவர் கலவையை அதிரவைக்கிற வைப்ரேட்டரை உள்ளே இறக்கி ஆட்டிக்கொண்டு வர வேண்டும்.

அது டார்காவின் வேலை. என் மனைவி. ஊற்றின அன்றைக்கே செத்துப்போனாள், இந்தச் சுவரை ஒட்டிக் கட்டியிருந்த சாரத்தின் மேலேயே. இன்றைக்கு முப்பத்தாறு நாள்.

மாரடைப்பு. ஒரு நொடிதான், அவளுக்கே தெரிந்திருக்காது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். மாமியார் அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடுகிறார். சர்ச்சில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். நானும் அதையேதான் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

வேறு எதுவும் சொல்ல வரவில்லை. அழுகையும் வரவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கொண்டுவந்து ஃப்ரீசரில் அடுக்கிவிட்டுப் போன கோஸ் இலையில் சோறு வைத்துச் சுருட்டின உருண்டைகளை வேளாவேளைக்குச் சுடவைத்துத் தின்கிறேன். முதல் பனி விழுவதற்குள் தரை போட்டாக வேண்டும், அதனால் வேலைக்கும் இறங்கிவிட்டேன்.

பத்தாவதைப் பெயர்த்தேன். கால்வாசி. சரளைக்கல் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. விரலால் தள்ளினால் உதிர்ந்தது.

பதினொன்றில் என் முஷ்டி முழுசாக உள்ளே போனது.

பன்னிரண்டில் போல்ட் கழன்று என் பூட்ஸ் மேல் விழுந்தது.

பதின்மூன்று கெட்டியாக இருந்தது. அதற்கப்புறம் எல்லாமே கெட்டி. அது அக்கம்பக்கத்தார் ஆட்டியது. நான் ஆம்புலன்ஸில் ஏறிப் போன பிறகு, லாரியில் இருக்கிற கலவை இறுகிவிடுமே என்று அவர்களே சாரத்தில் ஏறி மீதியை முடித்துக் கொடுத்தார்கள். இங்கே அப்படித்தான். கலவை வந்துவிட்டால் ஊற்றித்தான் ஆக வேண்டும்.

ஏணியிலேயே நின்றேன். கணக்குப் போடக் கூடாது என்றுதான் நினைத்தேன். கை பாட்டுக்கு டேப்பை இழுத்தது. எட்டடி. கான்கிரீட் பம்ப் குழாயை எட்டடி நகர்த்தப் பத்து நிமிஷமாவது ஆகும்.

ஒரு நொடி இல்லை. பத்து நிமிஷமாக அவளால் வைப்ரேட்டரைத் தூக்க முடியவில்லை. ஒன்பதில் கொஞ்சம் முடிந்திருக்கிறது. பத்தில் அதைவிடக் குறைவாக. பன்னிரண்டில் சுத்தமாக முடியவில்லை.

குழாய் பிடித்தவன் நான். அவளுக்கு நாலடி முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு போனேன். வைப்ரேட்டர் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது, வேலை நடக்கிறது என்று இருந்துவிட்டேன். ஒரு தரம் மட்டும், திரும்பிக்கூடப் பார்க்காமல், சீக்கிரம் வா, லாரி நிக்குது என்று கத்தினேன்.

"நீ போ, வர்றேன்" என்றாள்.

மேலே பலகை அறுத்துக்கொண்டிருந்த நெஸ்டர் ரம்பத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். டார்காவின் தம்பி. ஊற்றின அன்று அவன் இல்லை, பொட்டாஷ் சுரங்கத்தில் ஷிப்டு. ஞாயிற்றுக்கிழமை நாற்பதாம் நாள் ஜெபத்தில் அக்காவைப் பற்றி அவன்தான் பேசப்போகிறான். நேற்று எழுதி எனக்கு வாசித்தும் காட்டினான். டாக்டர் சொன்னதைத்தான் முதல் வரியாக வைத்திருந்தான்.

அண்ணாந்து ஒவ்வொரு ஓட்டையாகப் பார்த்துக்கொண்டே வந்தான். அவனும் இந்த வேலை தெரிந்தவன். ஒன்பது, பத்து, பதினொன்று. இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் அவனும் கணக்குப் போட்டுவிடுவான்.

"அந்த நாலும் நான் ஆட்டினது மச்சான்" என்றேன். "அவ தண்ணி குடிக்கக் கீழ இறங்கியிருந்தா. குழாயையும் பிடிச்சுக்கிட்டு அதையும் நான்தான் பார்த்தேன். திரும்பி ஏறி வந்தா, உடனே விழுந்துட்டா."

நம்பிவிட்டான். அப்புறம் பிடித்தான் ஒரு பிடி. இது தெரியாமல் விட்டத்தை ஏற்றியிருந்தால் தரையோடு சேர்ந்து நாம் ரெண்டு பேரும் இங்கேதான் கிடந்திருப்போம், ஓரெஸ்ட், இருபது வருஷமாக வீடு கட்டுகிற உனக்கு இதுகூடவா தெரியாது, நேற்று வேலைக்கு வந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்று வாயில் வந்தபடி திட்டினான். நான் ஏணியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த முப்பத்தாறு நாளில் எல்லாரும் என்னிடம் மெதுவாகவேதான் பேசியிருக்கிறார்கள். திட்டு வாங்குவது நன்றாகக்கூட இருந்தது.

திட்டி முடித்ததும் பன்னிரண்டாவது ஓட்டைக்குள் கையை விட்டுத் துழாவினான். கொஞ்சம் சரளை கீழே கொட்டியது. கையைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"அக்கா கையில இருந்திருந்தா இப்படி விட்டிருப்பாளா?"

"விட்டிருக்க மாட்டா" என்றேன்.