மதிலிலிருந்து ஏறியவன்

கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும் டவுன் பஸ்ஸின் ஜன்னல் கம்பியை வெளியிலிருந்து ஒரு கை வந்து பற்றுகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அற்புதமேரி மடியிலிருக்கும் டிபன் பையை இறுக்கிக்கொள்கிறாள். அவள் முகத்துக்கு நேரே ஓர் இளைஞனின் முகம், நெற்றியெல்லாம் வேர்வை. இவ்வளவு உயரத்தில் எதன்மேல் நிற்கிறான்? எட்டிப் பார்த்தால் கீழே ஒரு சைக்கிள், அதன் முதுகில் சக்கரமில்லாத இன்னொரு சைக்கிள், இரண்டையும் சேர்த்த வெல்டிங் தழும்பில் காலை வெயில். “நானே செஞ்சதுக்கா. நின்னா கால் தரைக்கு எட்டாது, அதான் புடிச்சுக்கிட்டேன்” என்கிறான். “இம்புட்டு உயரத்துல எப்படிப்பா ஏறுன?” என்று கேட்கிறாள். “வீட்டு மதில் மேல இருந்துக்கா. திரும்பிப் போயி அதுலயேதான் இறங்கணும். நடுவுல சிக்னல் வரும்னு நினைக்கல.”

சிவப்பு எண்கள் ஒன்பது, எட்டு என்று இறங்குகின்றன. பின்னால் ஆட்டோக்கள் ஹாரன் அடிக்கின்றன. பஸ் கிளம்பினால் இவனை இழுத்துக்கொண்டு போகுமா, கவிழ்த்துவிடுமா? டிரைவரைக் கூப்பிடலாமா? என்னவென்று சொல்லிக் கூப்பிடுவது? டிரைவர் கியர் போடுகிறார், ஜன்னல் கண்ணாடி கடகடக்கிறது. பஸ் மெல்ல நகர, அவன் பெடலும் ஒரு சுற்று சுற்றுகிறது.

“அக்கா, விடுங்க” என்கிறான்.

அவள் பார்க்கிறாள். டிபன் பை காலடியில் விழுந்து கிடக்கிறது. கம்பியில் அவன் கை இல்லை. அவன் மணிக்கட்டை இறுகப் பற்றியிருப்பது அவளுடைய கை.