ஒரு கண்ணுக்கு மட்டும்

"கண்ணுக்கு அடியில போடுற கிரீம், இருக்கதுலயே விலை கம்மியா ஒண்ணு காட்டும்மா. அறுபது வயசுத் தோலு, காஞ்சு கெடக்கு" என்றாள் பிலோமினா. கடைப்பெண் சாம்பிளைப் பிரித்து இடது கண்ணைச் சுற்றி மட்டும் தடவிவிட்டாள். "ஒரு பக்கம் போட்டாத்தான் ஆன்ட்டி வித்தியாசம் தெரியும்."

வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தவள், "சேசுவே!" என்று அப்படியே நின்றுவிட்டாள். இடது கண்ணைச் சுற்றி ஒரு சுருக்கம்கூட இல்லை. அது இருபத்தாறு வயதுக் கண். கணவன் சவரிமுத்து கடலுக்குப் போன அன்று கடைசியாகப் பார்த்த கண். திரும்பி வராத அவனுக்கு அந்தக் கண்ணை மட்டும்தான் தெரியும்.

சுவரிலிருந்த அவன் படத்தின் முன்னால் போய் நின்றாள். கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

"இப்பச் சொல்லுங்க, என்னைத் தெரியுதா?"