வண்டிக்கு அடியில் ஈரம்

"ஏம்மா, உன் வண்டி இன்னிக்கும் ஒழுகியிருக்கு."

காலையில் கதவைத் தட்டி இதைச் சொல்லாவிட்டால் மாடிவீட்டுக்காரருக்குப் பொழுதே விடியாது. குடியிருப்பில் அவருக்குப் 'புகார்ப்பெட்டி' என்றே பெயர்.

கீழ்வீட்டு டீச்சரின் பழைய காரில், இன்ஜின் சூட்டைத் தணிக்கிற கூலன்ட் போகும் ரப்பர் ஹோஸ் விரிசல் விட்டிருந்தது. ராத்திரியெல்லாம் சொட்டி, விடிந்தால் தரையில் பச்சைப் பசேல் என்று பிசுபிசுப்பு. யாராவது வழுக்கி விழுந்தால் என்ன ஆவது என்று ஆரம்பிப்பார். அங்கிருந்து டயர், டயரிலிருந்து ரோடு, ரோட்டிலிருந்து நாடு என்று போய்க்கொண்டே இருக்கும். பள்ளிக்கு நேரமாகிற தவிப்போடு அவள் நிற்பாள். பாவம், ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை.

மனைவி போன பிறகு, நாள் முழுவதிலும் அவர் இன்னொரு மனுஷரோடு பேசுவது அந்தப் பேச்சு மட்டும்தான். அது அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

ஒரு நாள் மெக்கானிக் வந்து புது ஹோஸ் மாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் மாடிவீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். தரை காய்ந்து கிடந்தது. வெளியே வந்த டீச்சர், "சரியாயிடுச்சு சார். இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்லை" என்றாள்.

"நல்லது" என்றார். வேறென்ன சொல்வது? மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஒழுகாத அந்த வண்டியைப் பார்க்கப் பார்க்க வயிற்றெரிச்சலாக வந்தது. குரல்தான் போய்விட்டதோ என்று சந்தேகப்பட்டு, சுவரைப் பார்த்து "ஹலோ" என்று சொல்லிப் பார்த்தார். தன் மேலேயே அவருக்கு இரக்கம் வந்தது.

அப்புறம் ஒரு காலை, ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால், வண்டிக்கு அடியில் ஈரம்!

ஓட்டமும் நடையுமாகப் படியிறங்கினார். குனிந்து விரலால் தொட்டார். பச்சையும் இல்லை, பிசுபிசுப்பும் இல்லை. சுத்தமான குழாய்த் தண்ணீர்.

நிமிர்ந்தார். டீச்சர் தன் வாசலில் நின்றிருந்தாள். கையில் ஈரம் காயாத காலி மக்.

"ஆமா சார், மறுபடி ஒழுகுது" என்றாள். "இன்னிக்கு எனக்கு லீவு. உள்ளே வந்து உட்கார்ந்து நிதானமா திட்டுங்க."