எல்லை தாண்டி வந்த ரைஃபிள்

“உங்க அக்காவுக்கு வேட்டைப் பழக்கம் உண்டா?” அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் க்ளென், மேஜை மேல் கிடந்த பழைய ரைஃபிளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“எங்கக்காவா? மானைப் பாத்தா வண்டியை நிறுத்திட்டு டாட்டா காட்டுவா,” என்றார் வெர்ன். தன் ரைஃபிளை அக்காவிடம் கொடுக்கப் பக்கத்து மாநிலமான ஐடஹோவிலிருந்து எட்டு மணி நேரம் கார் ஓட்டி வந்திருந்தார்.

ஓரிகனிலேயே வசிக்கும் அக்கா ரோண்டா சிரிக்கவில்லை. குனிந்து படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

க்ளெனுக்கு மண்டை குடைந்தது. மாநிலம் விட்டு மாநிலம் என்றால் கூடப் பிறந்தவர்களே ஆனாலும் கடை வழியாகத்தான் கைமாற்ற வேண்டும். படிவம், பின்னணி விசாரணை என்று இழுத்தடிக்கும்.

“விக்கப் போறீங்களாம்மா?”

“மாட்டேன்,” என்றார் ரோண்டா.

க்ளென் விடவில்லை. வெர்னிடம் திரும்பினார். “ஐடஹோவுல உங்களுக்கு வேற சொந்தமே இல்லையா?”

“எதிர் வீட்டுலயே தம்பி இருக்கான்.”

“அட! ஒரே மாநிலம், அவர்கிட்ட குடுக்க ஒரு தாள்கூட வேண்டாமே. வாசல்ல நின்னே கைமாத்தியிருக்கலாம். எதுக்கு இந்த அலைச்சல்?”

வெர்ன் ரைஃபிளைத் தொடாமல் தள்ளி நின்றார்.

“அவன் நான் கேட்ட உடனே திருப்பிக் குடுத்துடுவான் சார். மார்ச்சுல என் பொண்டாட்டி தவறிட்டா. சில நாள், இது வீட்டுல இருக்கறதே எனக்கு பயமா இருக்கு.”

ரோண்டா வெர்னின் கையைப் பிடித்துக்கொண்டார்.

கிளம்பும்போது வெர்ன் கதவருகே நின்று திரும்பினார்.

“நான் இதைத் திரும்பக் கேட்டு வந்தா, இதே மாதிரி நச்சரிச்சுக் கேள்வி கேளுங்க சார். ஒண்ணுகூடக் குறைக்காதீங்க.”